பதினாறு வயதில் ஒரு பொட்டலம்

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், பீளமேடு பக்கம் காலையில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குக் கஞ்சா செய்தியின் அச்சு மனப்பாடம். ரகசியத் தகவல் கிடைத்தது. போலீஸார் ரோந்து போனார்கள். சந்தேகப்படும்படி நின்ற இருவரின் பையைச் சோதித்தார்கள். இத்தனை கிலோ இருந்தது. கோர்ட்டில் ஆஜர்படுத்திச் சிறையில் அடைத்தார்கள். 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை தொடங்கிய ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ 2.0, 3.0, 4.0 என்று நீண்டபோதும் அந்த அச்சு மாறவில்லை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது ரயிலேறி ஈரோடு, திருப்பூர் தாண்டிக் கோவை வந்து சேருகிறது. இங்கே கிராம் கணக்கில் பிரிந்து பொட்டலமாகிறது. செய்தியில் சரக்கின் எடை இருக்கும், விற்றவரின் வயது இருக்கும். அதை வாங்கி இழுத்தவருக்கு என்ன வயது, எத்தனை நாளாக இழுக்கிறார், அவர் உடம்பிலும் மனசிலும் என்ன நடக்கிறது என்பது இருக்காது. நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளோ இவைதான். கஞ்சா கெடுதலா இல்லையா என்று மொட்டையாகக் கேட்டால் அறிவியலிடம் நேரான பதில் கிடையாது. எந்த வயதில், எவ்வளவு வீரியத்தில், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால் உண்டு. மூன்றிலும் கனமானது வயது. பள்ளி, கல்லூரி, மில், பட்டறை என்று பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழும் கோவையின் கிழக்குப் பகுதி, இந்த ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பது பெண் செடியின் பூக்கொத்து. காயவைத்து அழுத்தியது, பச்சையும் பழுப்புமாக விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நடுவே குச்சியும் விதையும் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சிகரெட்டிலிருந்து புகையிலையைக் கொஞ்சம் உதிர்த்து, இரண்டையும் உள்ளங்கையில் கசக்கித் திரும்பவும் அடைக்கிறார்கள். விரலில் ஒட்டுகிற அந்தப் பிசினில்தான் விஷயம் இருக்கிறது. பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பி ரோமங்களில் ஊறும் அந்தப் பிசினில் கன்னாபினாய்டு என்னும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கு மேல் உண்டு. போதை தருவது டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் 1964-இல் இதைத் தனியே பிரித்து அதன் கட்டமைப்பைக் கண்டார்கள். அபினிலிருந்து மார்ஃபின் பிரிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகுதான் கஞ்சாவின் சாரம் பிடிபட்டது. இன்னொரு முக்கியப் பொருளான கன்னாபிடியால், அதாவது சி.பி.டி., போதை தருவதில்லை, டி.எச்.சி.யின் வேகத்தைச் சில விதங்களில் அது தணிப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. கள்ளச்சந்தைக்காக ஒட்டு ரகங்களை உருவாக்கியவர்கள் முதலாவதைக் கூட்டினார்கள், இரண்டாவதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014-இல் 12 சதவீதம் ஆகியிருந்தது. நம் ஊர்ப் பொட்டலத்தின் மேல் சதவீதம் எதுவும் அச்சடித்திருக்காது. வாங்குகிற பையனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது.

இந்த டி.எச்.சி. மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்பது 1988 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு எலியின் மூளையில் அதற்குப் பொருந்தும் ஏற்பி ஒன்று கண்டறியப்பட்டது. பிறகு அதற்கு சி.பி.1 என்று பெயரிட்டார்கள். 1992-இல் அந்த ஏற்பிக்காக மூளை தானே சுரக்கும் ஆனந்தமைடு பிடிபட்டது. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி வழக்கமாக ஒரே திசையில்தான் போகும். இந்த ஏற்பாட்டில் மட்டும் எதிர்த்திசை: செய்தி வாங்குகிற அணு, ‘வந்தது போதும்’ என்று அனுப்புகிற அணுவுக்குத் திருப்பிச் சொல்கிறது. தென்னந்தோப்பில் தண்ணி கட்டும்போது ஒரு பாத்தி நிறைந்ததும் அந்த மடையை அடைத்து அடுத்த மடையைத் திறப்பார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலை. நிறைந்த பாத்திக்கு மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். நொதிகள் ஆனந்தமைடைச் சீக்கிரமே சிதைத்துவிடும், மடை மறுபடி திறந்துகொள்ளும். டி.எச்.சி. அப்படிச் சிதைவதில்லை. எது நிறைந்தது, எது காய்கிறது என்று பாராமல் எல்லா மடைகளையும் அது மணிக்கணக்கில் அடைத்துப் போடுகிறது. சி.பி.1 ஏற்பிகள் அடர்ந்திருக்கும் இடங்களைப் பார்த்தாலே கஞ்சா அடித்தவரின் நிலை விளங்கிவிடும். புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸில் நிறைய இருப்பதால் பேசிக்கொண்டிருந்த பேச்சே பாதியில் மறந்துபோகிறது. சிறுமூளையிலும் அடித்தள முடிச்சுகளிலும் இருப்பதால் கைகால் ஒத்துழைப்புக் குறைகிறது, பத்து நிமிஷம் அரை மணி நேரமாக நீள்கிறது. முடிவெடுக்கும் முன்மூளையில் இருப்பதால் நிதானம் தளர்கிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் இவை மிகக் குறைவு. ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்று சாவு வருவதுபோலக் கஞ்சாவில் வராததற்குக் காரணம் இதுதான்.

‘கஞ்சா அடிச்சு எவனும் செத்ததில்லை’ என்ற பேச்சு இங்கிருந்துதான் தெம்பு பெறுகிறது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகை உள்ளே போன சில நிமிடங்களில் நாடி வேகமெடுக்கிறது, கண்ணின் ரத்தக் குழாய்கள் விரிந்து சிவக்கின்றன. இழுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. இருபது வயதுக்காரருக்கு ஐந்து மடங்கு என்பதும் மிகச் சிறிய எண்தான். இதயக் கோளாறுள்ள ஐம்பது வயது லாரி டிரைவருக்கு அப்படியில்லை. வண்டி ஓட்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கஞ்சா புகைத்தவர்களை ஓட்டுநர் சிமுலேட்டரில் உட்காரவைத்து 2022-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. புகைத்த அரை மணியில் அவர்கள் ஓட்டுவது தடுமாறியது, அதை அவர்களே உணர்ந்து தயங்கினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் ‘போதை தெளிஞ்சிருச்சு, இனி ஓட்டலாம்’ என்று பலர் சொன்னார்கள்; தடுமாற்றமோ அப்போதும் அப்படியே இருந்தது. திருச்சி ரோட்டில் இரவில் பைக் ஓட்டுகிறவருக்கும், ஷிப்டில் ரிங் ஃபிரேம் முன்னாலோ லேத் முன்னாலோ நிற்கிறவருக்கும் இந்த இடைவெளிதான் ஆபத்து.

நெஞ்சைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொன்னால், தொடர்ந்து புகைப்பவர்களுக்கு நாள்பட்ட இருமலும் சளியும் உறுதி. நுரையீரல் புற்றுநோயோடு தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-இல் வெளியிட்ட பெரிய அறிக்கை சொல்கிறது. ஆனால் புகையிலை கலக்காமல் கஞ்சாவை மட்டும் புகைப்பவர் இங்கே எத்தனை பேர்? பஞ்சில்லாமல் ஆழ இழுத்து, மூச்சைப் பிடித்து வைத்து விடுகிற பழக்கத்தில் புகையிலையின் கேடும் சேர்ந்தேதான் உள்ளே போகிறது. அரிதாக வருகிற ஒன்று, பல டாக்டர்களையே திணற அடிப்பது: வருஷக்கணக்கில் தினமும் இழுப்பவருக்குத் திடீரென்று விடாத வாந்தி. குடல் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் சரியாக இருக்கும். நோயாளி மட்டும் சுடுதண்ணீரில் மணிக்கணக்காகக் குளித்துக்கொண்டே இருப்பார், அதில்தான் வாந்தி அடங்குகிறது என்பார். கஞ்சா குமட்டலை அடக்கும் பொருள் என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. 2004-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பக்கத்து மருத்துவர்கள் இந்தச் சுடுநீர்க் குளியலை வைத்துத்தான் நோயை அடையாளம் கண்டார்கள். கஞ்சாவை நிறுத்தினால் நிற்கும், மறுபடி தொட்டால் திரும்பும்.

இதுவரை சொன்னவை பெரியவர் யாருக்கும் பொருந்துபவை. பதினைந்து, பதினாறு வயதில் கணக்கு வேறாகிறது. குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டு வைக்கிறது. பருவ வயதில் தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதி வரை, பயன்படாதவற்றை நீக்கி, பயன்படுகிறவற்றுக்கு உறை போட்டு உறுதியாக்குகிறது. இந்த வேலை கடைசியாக முடிவது முன்மூளையில், அதாவது அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் பகுதியில். எந்த இணைப்பு தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவாகும்போது அங்கே பணியில் இருப்பவற்றுள் ஆனந்தமைடு, சி.பி.1 ஏற்பாடும் ஒன்று. அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து டி.எச்.சி. தினமும் வந்து இறங்கினால், அன்றைய போதை தெளிந்த பிறகும் மூளையின் அமைப்பில் தடம் இருக்கலாம் என்று எதிர்பார்ப்பது நியாயம். பழக்கம் பற்றிய எண்கள் இந்த எதிர்பார்ப்போடு ஒத்துப்போகின்றன. எப்போதாவது தொட்டுப் பார்த்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள் என்று அமெரிக்காவில் 1990-களில் கணக்கிட்டார்கள். பருவ வயதில் தொடங்கியவர்களிடம் அது ஆறில் ஒருவர் என்று ஏறுகிறது. தினமும் இழுப்பவர்களில் நான்கில் ஒருவரிலிருந்து இரண்டில் ஒருவர் வரை. கஞ்சாவுக்கு அடிமைத்தனமே கிடையாது என்று சத்தியம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்காதவர்கள்.

அறிவுத்திறன் பற்றிய ஆய்வுகளில் சண்டை இன்னும் ஓயவில்லை, அதை மறைப்பதில் லாபமும் இல்லை. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1037 பேரை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வு ஒன்று நடக்கிறது. பருவ வயதில் தொடங்கி விடாமல் இழுத்தவர்களின் ஐ.க்யூ. 13 வயதுக்கும் 38 வயதுக்கும் இடையில் 8 புள்ளிகள் வரை குறைந்ததாக அந்த ஆய்வு 2012-இல் அறிவித்தது. வயது வந்த பிறகு தொடங்கியவர்களிடம் அப்படி இறக்கம் தெரியவில்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாக இருக்கலாமே என்று உடனே எதிர்ப்பு வந்தது. 2016-இல் அமெரிக்க இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வில், இழுத்தவருக்கும் இழுக்காத அவருடைய இரட்டையருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே ‘கஞ்சா மூளையை மழுக்கிவிடும்’ என்று மேடையில் முழங்குவதற்கு இப்போதுள்ள சான்று போதாது. பள்ளியில் அப்படி முழங்கினால், நன்றாகப் படிக்கிற ஒரு பையன் இழுப்பதை நேரில் பார்த்த மாணவன் அடுத்துச் சொல்லப்போகும் உண்மையையும் நம்ப மாட்டான்.

அடுத்துச் சொல்ல வேண்டிய உண்மை மனநோய் பற்றியது. சான்று திரண்டு நிற்பதும் அங்கேதான். சுவீடனில் ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 45 ஆயிரம் இளைஞர்களின் பதிவுகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1987-இல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா அடித்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. டுனெடின் ஆய்வில், பதினைந்து வயதிலேயே தொடங்கியவர்களில் 10 சதவீதம் பேருக்கு இருபத்தாறு வயதுக்குள் மனச்சிதைவை ஒத்த நோய் வந்திருந்தது. மற்றவர்களிடம் 3 சதவீதம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாகப் பதினோரு மையங்களில், முதன்முதலாக மனநோய் கண்ட 901 பேரை அதே ஊர்களைச் சேர்ந்த 1237 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வந்தது. தினமும் இழுப்பவர்களிடம் வாய்ப்பு மூன்று மடங்கு, டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேல் உள்ள வீரிய ரகத்தைத் தினமும் இழுப்பவர்களிடம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. வயது, வீரியம், அடிக்கடி இழுத்தல் என்ற மூன்றும் இந்த மூன்று ஆய்வுகளில் தனித்தனியாகத் தலைகாட்டுவதைக் கவனிக்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று உண்டு. நோய் வரப்போகிறவன்தான், உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து, நிம்மதி தேடிக் கஞ்சாவிடம் போகிறானோ? கேள்வி நியாயமானது, பதிலின் ஒரு பகுதி ‘ஆமாம்’தான். மனச்சிதைவுக்கான மரபணுச் சாய்வு உள்ளவர்கள் கஞ்சாவை நாடும் வாய்ப்பு சற்று அதிகம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. டுனெடினிலும் 11 வயதிலேயே இருந்த விசித்திர அனுபவங்களைக் கழித்துப் பார்த்தபோது தொடர்பு தளர்ந்தது. ஆனாலும் முழுப் பழியையும் மரபணு மேல் போட முடியாது. நோய் எதுவும் இல்லாத, நலமான ஆட்களுக்கு டி.எச்.சி.யை ஊசி மூலம் செலுத்தி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். சந்தேகமும் குழப்பமும் நிஜம் கலைவதும் அவர்களிடம் தற்காலிகமாகத் தோன்றி மறைந்தன. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. நோய் வந்த பிறகு கஞ்சாவைத் தொடர்பவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வருகிறது, விட்டவர்களுக்கு அவ்வளவு வருவதில்லை. டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டில், கஞ்சாவால் திடீர் மனநோய் வந்து சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிற்காலத்தில் மனச்சிதைவுக்கோ இருதுருவ மனநோய்க்கோ ஆளானார்கள். ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் சாய்வைக் கஞ்சா முன்கூட்டியே, கடுமையாக வெளிக்கொண்டு வருகிறது என்று புரிந்துகொள்வதே இப்போதுள்ள சான்றுகளுக்குப் பொருத்தம். இழுப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இது வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ரத்தப் பரிசோதனையும் கிடையாது. குடும்பத்தில் மனநோய் வரலாறு இருப்பது ஒன்றுதான் கையில் இருக்கும் துப்பு. பெண் பார்க்கிற இடத்தில் கெட்ட பெயர் வருமே என்று நம் வீடுகள் அதையும் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைக்கின்றன.

‘சிவமூலிகை என்று சாமியார்கள் காலங்காலமாக இழுக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று?’ என்பது நம் ஊரில் தவறாமல் வருகிற கேள்வி. இதை ஆங்கிலேய அரசே ஒருமுறை விசாரித்தது. கஞ்சா, அதன் பிசினான சரஸ், இலையான பாங்கு ஆகியவை பற்றி ஆராய 1893-இல் மேக்வொர்த் யங் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. அது நாடெங்கும் 1193 பேரிடம் சாட்சியம் வாங்கி, அடுத்த ஆண்டு பல தொகுதிகளில் அறிக்கை கொடுத்தது. அளவோடு பயன்படுத்துபவர்களுக்குக் குறிப்பிடும்படியான கெடுதல் இல்லை என்பது அதன் முடிவு. கஞ்சா ஆதரவாளர்கள் இன்றும் இதை ஏந்தி வருகிறார்கள். அறிக்கையின் நல்ல பகுதி மனநோய் விடுதிகளைப் பற்றியது. நோயாளியை அழைத்து வந்த போலீஸ்காரரிடம் என்ன காரணம் என்று கேட்க, வேறெதுவும் தெரியாத இடத்தில் ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவது வழக்கமாக இருந்ததை ஆணையம் கண்டுபிடித்தது. ஒரே ஆண்டில் அப்படிப் பதிவான 222 பேரை ஒவ்வொருவராக மீண்டும் விசாரித்ததில், பாதிப்பேருக்கு மேல் கழன்று போனார்கள். இந்த நேர்மை இன்றைய ஆராய்ச்சிக்கும் பாடம். ஆனால் மீதி நின்றவர்களையும் ஆணையம் மறைக்கவில்லை. மிதமிஞ்சிய பழக்கம் உடலையும் மனத்தையும் கெடுக்கும் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அவர்கள் பார்த்தது வளர்ந்த ஆண்களின் உலகம், உரிமம் பெற்ற கடையில் விற்ற நாட்டு ரகம். பதினான்கு வயதுப் பள்ளி மாணவன் தினமும் வீரிய ரகத்தை இழுப்பது அவர்கள் கேட்ட கேள்வியிலேயே இல்லை. சாமியாரின் கதையும் அப்படியே. நாம் பார்ப்பது தாக்குப்பிடித்தவரை மட்டும். வழியில் சித்தம் கலங்கியவரைச் சாமியார் என்று யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

மதுவை ஒப்பிட்டுச் சொல்கிற வாதம் இதைவிட நேர்மையானது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, மது அருந்துவோர் 16 கோடி, அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. பாங்கும் கஞ்சாவும் சரஸும் சேர்த்துப் பயன்படுத்துவோர் 3.1 கோடி; உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம். கல்லீரல், விபத்து, வீட்டில் அடிதடி என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் தமிழ்நாட்டைச் சீரழித்தது டாஸ்மாக்தான், அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஒன்று பெரிய கேடு என்பதால் இன்னொன்று கேடில்லை என்று ஆகாது என்ற பழைய பதிலைவிட, இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மது பெரும்பாலும் நாற்பதுகளில் உடம்பிடம் வசூல் செய்கிறது. கஞ்சாவின் பெரிய கணக்கு, வருகிறவர்களுக்கு, பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் வருகிறது: படிப்பு முடியும் முன், வேலை நிலைக்கும் முன்.

மருந்தாகிறதே என்றால், ஆகிறது. கீமோதெரபியின் குமட்டலுக்கு டி.எச்.சி. மாத்திரை 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய் சிலவற்றுக்கு, சுத்திகரித்த சி.பி.டி. 2018-இல் அனுமதி பெற்றது. பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கும் ஓரளவு பலன் உண்டு. சித்த மருத்துவத்திலும் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. அளவு, தூய்மை, வயது எல்லாம் தெரிந்து மருத்துவர் கொடுப்பதற்கும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கைமாறும் பொட்டலத்துக்கும் பெயர் மட்டுமே பொது. இதே குழப்பம் கஞ்சா சாக்லேட்டிலும் உண்டு. கோவையில் பெட்டிக்கடைகளிலிருந்து போலீஸார் பலமுறை கைப்பற்றியிருக்கும் இது, புகையில்லாததால் சாது என்று நினைக்கப்படுகிறது. தின்றால் டி.எச்.சி. கல்லீரல் வழியாகப் போய் இன்னும் வீரியமான பொருளாக மாறுகிறது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. ‘ஏறலியே’ என்று இரண்டாவதையும் தின்றவர்தான் நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோமோ என்ற பீதியில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். தூக்கத்துக்கு நல்லது என்பதும் அரைகுறைதான். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் படுக்கிற மில் தொழிலாளிக்கு முதல் சில வாரம் சீக்கிரம் தூக்கம் வரலாம். பழகப் பழக அந்த உதவி தேய்கிறது. நிறுத்தினாலோ தூக்கம் முன்பைவிட மோசமாகிறது. அதைப் பார்த்துக் ‘கஞ்சா இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது’ என்று அவர் முடிவு கட்டுகிறார்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு கிலோ கணக்குச் செய்திக்குத் திரும்பினால், சட்டத்தின் ஒரு மூலை கண்ணில் படுகிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. பயன்படுத்துவதற்கு 27-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். சோதனைக்கும் கைதுக்கும் உள்ள பிரிவுகளை ஊரே அறியும். பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மாதக்கணக்கில் மூடி வைக்கிற பெற்றோருக்கு இந்தப் பிரிவை யாரும் சொல்வதில்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் எல்லாம் சரியாகும் என்பதும் நிரூபணமாகவில்லை: 2018-இல் சட்டப்பூர்வமாக்கிய கனடாவில்கூட வாங்கும் வயதைப் பெரும்பாலான மாகாணங்கள் 19 என்றும், கியூபெக் 21 என்றும் வைத்திருக்கின்றன. விற்க அனுமதித்தவர்களும் வயதில் விட்டுக்கொடுக்கவில்லை.

சிகிச்சையில் மர்மம் ஏதும் இல்லை. கஞ்சாப் பழக்கத்துக்கென்று அங்கீகரித்த மாத்திரை இன்றுவரை இல்லை; பேச்சு வழிச் சிகிச்சையும் குடும்பத்தின் ஒத்துழைப்பும்தான் வழி. நிறுத்திய முதல் இரண்டு நாளில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும்; முதல் வாரத்தில் உச்சம்; இரண்டு மூன்று வாரத்தில் தணியும். அடங்கியிருந்த கனவுகள் கூட்டமாகத் திரும்பி வரும், சில பயமுறுத்தும். இதற்குப் பயந்துதான் பலர் பத்தாம் நாள் மறுபடி பொட்டலம் தேடுகிறார்கள். தினமும் இழுத்ததால் குறைந்துபோன சி.பி.1 ஏற்பிகள் ஏறக்குறைய நான்கு வாரத்தில் இயல்பு நிலையை நெருங்குவதை மூளை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: பையன் தனியாகப் பேசுவது, சோற்றில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்பது, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்துவது, காதில் குரல் கேட்கிறது என்பது. செய்வினை என்று கோயில் கோயிலாகக் கூட்டிப் போவதில் கழிகிற மாதங்கள்தான் இந்த நோயில் விலை மிக்கவை. மருந்து தாமதமானால் குணமும் தாமதமாகிறது. டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டுக்கும் காசில்லாமல் பேசலாம். மில் தொழிலாளியின் பிள்ளை என்றால் சிங்காநல்லூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கஞ்சாவை நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் அந்தக் குரலும் சந்தேகமும் நிற்கவில்லை என்றால், போதையின் மிச்சம் என்று அதற்கு மேலும் காத்திருக்கக் கூடாது. அதைத் தனி நோயாகவே எடுத்துக்கொண்டு மனநல மருத்துவர் மருந்து எழுதுவார்.